சர் சார்லஸ் டிரெவெல்யன்: ஆட்சிப்பணியின் நெறியை வகுத்தவரும் அதன் வரம்பைக் கடந்தவரும்

முன்னுரை

சென்னை சென்ட்ரல் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கி வெளியே வருவோர் கண்ணில் முதலில் படுவன விக்டோரியா பொதுமன்றமும் ரிப்பன் மாளிகையும் ஆகும். அவற்றைச் சூழ்ந்த பகுதிக்குப் பார்க் டவுன் என்று பெயர். எதிரே அமைந்த புறநகர் நிலையமும் பூங்கா நிலையம் என்றே வழங்குகிறது. பெயரில் பூங்கா உண்டு; அப்பெயருக்குக் காரணமான பெரும்பூங்காவோ இன்று அங்கில்லை. நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் மக்கள் பூங்கா என்னும் பெயரோடு விளங்கிய அந்நிலம், மூர் அங்காடிக்கும் உயிர்க்காட்சிச் சாலைக்கும் விளையாட்டரங்குக்கும் அலுவலகங்களுக்கும் சிறிது சிறிதாகப் பிரிந்து போயிற்று. உயிர்க்காட்சிச் சாலை 1985-இல் வண்டலூருக்கு இடம் பெயர்ந்தது. அதே ஆண்டில் மூர் அங்காடியும் தீக்கிரையாயிற்று.

அப்பூங்காவை உருவாக்கக் காரணமாயிருந்தவர் சென்னை மாகாண ஆளுநராகப் பணியாற்றிய சர் சார்லஸ் டிரெவெல்யன். ஓராண்டும் சில திங்களும் மட்டுமே அவர் இங்கு ஆண்டார். பின்னர்ப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். இலஞ்சம் வாங்கினார் என்பதன்று காரணம். மக்களை வருத்தினார் என்பதுமன்று. மேலிடத்தின் வரிக்கொள்கை தவறானது என்று தாம் எழுதிய குறிப்புரையைச் செய்தித்தாளில் வெளிவரச் செய்தார் என்பதே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம்.

இதில் வியப்பு யாதெனில், அரசியல் தலைவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் இடையே இருக்க வேண்டிய உறவுக்கு இலக்கணம் வகுத்த அறிக்கையை எழுதியவர்களுள் ஒருவர் இவரே. இன்று நம் மாணவர்கள் எழுதும் போட்டித் தேர்வு, தகுதி வழி நியமனம், ஆட்சி மாறினும் மாறாத அலுவலர் கூட்டம் ஆகியவற்றின் தொடக்கத்தை ஆராயின், அங்கே இவர் பெயர் நிற்கும். இலக்கணம் கண்டவரே அதனை மீறியது ஏன் என்னும் வினாவை முன்வைத்து அவர் வாழ்க்கையை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

டிரெவெல்யன் 1807-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியைச் சேர்ந்த டான்டன் நகரில் பிறந்தார். தந்தையார் திருச்சபையில் உயர்பதவி வகித்தவர். தொடக்கக் கல்விக்குப் பின் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியிலும், அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் அலுவலரைப் பயிற்றுவிக்க ஹெய்லிபரியில் நடத்திய கல்லூரியிலும் பயின்றார். மக்கள்தொகைக் கொள்கையால் புகழ்பெற்ற மால்தஸ் அக்கல்லூரியில் பொருளியல் ஆசிரியராக விளங்கிய காலம் அது. அங்குக் கற்ற பொருளியல் கோட்பாடுகள் டிரெவெல்யனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. அவற்றின் விளைவைப் பின்னர் அயர்லாந்து கண்டது.

அக்காலத்தில் கம்பெனிப் பணிக்குப் போட்டித் தேர்வு கிடையாது. இயக்குநர்கள் தமக்கு வேண்டியவர்களின் பிள்ளைகளுக்குப் பெயர் கொடுப்பர். பெயர் பெற்றவரே ஹெய்லிபரியில் நுழையலாம். பரிந்துரை முறையை வேரோடு களைய எண்ணியவரும் பரிந்துரை வாயிலாகவே பணிக்குள் வந்தார் என்பதை நாம் மறத்தலாகாது. ஒரு முறையின் குறையை அதன் பயனைப் பெற்றவரே எடுத்துரைப்பது எளிதன்று.

தில்லியில் ஒரு சோதனை

1826-இல் வங்காள ஆட்சிப்பணியில் சேர்ந்த டிரெவெல்யன் தில்லிக்கு அனுப்பப்பட்டு, சர் சார்லஸ் மெட்காஃபின் கீழ் உதவியாளராகப் பணியாற்றினார். பின்னர் சர் எட்வர்ட் கோல்புரூக் அங்கு ஆட்சிப் பேராளரானார். முகலாயப் பேரரசரின் அவையில் கம்பெனியின் முகமாக விளங்கிய பெரும்பதவி அது. அவர் நெடுங்காலம் பணியாற்றியவர், செல்வாக்கு மிக்கவர். அத்தகையவர் கையூட்டுப் பெறுகிறார் என்று 1829-இல் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார் டிரெவெல்யன். அப்போது அவருக்கு அகவை இருபத்திரண்டு.

தில்லியில் வாழ்ந்த ஐரோப்பியர் பலர் இளைஞரைப் புறக்கணித்தனர். மேலதிகாரியைக் காட்டிக்கொடுத்தவர் என்ற பழிச்சொல் எழுந்தது. குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படாவிடின் தம் வாழ்வே அழிந்துபோகும் என்பதை அறிந்தே அவர் அதில் இறங்கினார். விசாரணை நடந்தது. குற்றம் உறுதியாயிற்று. கோல்புரூக் பதவி இழந்தார். டிரெவெல்யனின் துணிவை மேலிடம் பாராட்டியது.

இந்நிகழ்ச்சி அவருடைய குணநலனைத் தெளிவாகக் காட்டுகிறது. தாம் சரியென்று கண்டதை யார் தடுத்தாலும் சொல்லும் உறுதி அவரிடம் இருந்தது. தாம் கண்டதே சரி என்னும் எண்ணமும் அதனுடன் சேர்ந்தே வளர்ந்தது. முன்னது அவருக்குப் பெருமை தந்தது. பின்னது பிறருக்குத் துன்பம் தந்தது.

கல்கத்தாவும் கல்விப் பூசலும்

தில்லிக்குப் பின் கல்கத்தாவில் பணியாற்றிய டிரெவெல்யன், உள்நாட்டில் பொருள்களைக் கொண்டுசெல்லும் வழியெங்கும் தண்டப்பட்ட சுங்கவரிகளை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். வணிகரை வாட்டிய அவ்வரிகள் நீங்க அவ்வறிக்கை வழிவகுத்தது. 1834-இல் மெக்காலேயின் தங்கை ஹன்னாவை மணந்தார்.

இந்தியருக்கு எம்மொழியில் உயர்கல்வி தருவது என்னும் பூசல் அந்நாளில் உச்சத்தில் இருந்தது. அரபு, பாரசீகம், வடமொழி ஆகியவற்றின் கல்விக்கு அரசு செலவிடுவதை எதிர்த்து ஆங்கிலத்தின் பக்கம் நின்றவர்களுள் டிரெவெல்யன் முன்னணியில் இருந்தார். இந்திய மொழிகளை உரோமன் எழுத்தில் எழுதலாம் என்னும் கருத்தையும் பரப்பினார். தமிழும் அரபும் கற்பிக்கப்படும் கல்லூரியிலிருந்து எழுதும் நாம் இக்கருத்துகளோடு உடன்பட இயலாது. ஒரு மக்களின் எழுத்தை மாற்றினால் அவர்தம் முன்னோரின் நூல்கள் அவர்களுக்கே அயலாகிவிடும் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கொள்கைப் பற்றுடையோர் செய்யும் பிழைகளுள் இதுவும் ஒன்று.

அயர்லாந்தின் பசி

1840-இல் டிரெவெல்யன் இலண்டனில் கருவூலத்தின் உதவிச் செயலராக அமர்ந்தார். பெயரளவில் உதவிச் செயலரேயன்றி, நடைமுறையில் அத்துறையின் நிலையான தலைமை அலுவலர் அவரே. அமைச்சர்கள் வருவர், போவர். அவர் நாற்காலி அசையாது. பத்தொன்பது ஆண்டுகள் அவர் அப்பதவியில் இருந்தார்.

1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழை மக்களின் முதன்மை உணவே அதுதான். அடுத்த சில ஆண்டுகளில் பட்டினியாலும் காய்ச்சலாலும் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கப்பலேறி வேற்று நாடுகளுக்குப் போயினர். பீல் தலைமையிலான அரசு அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் தருவித்து ஓரளவு இடர்நீக்கியது. 1846-இல் ரஸ்ஸல் தலைமையில் புதிய அரசு அமைந்தது. அதில் நிதியமைச்சராக வந்தவர் சார்லஸ் வுட். நம் கல்வி வரலாற்றில் 1854-ஆம் ஆண்டின் வுட் அறிக்கை வாயிலாக நாம் அறிந்தவரே அவர். அமைச்சர் வுட், அலுவலர் டிரெவெல்யன் என்னும் இணை அப்போது அமைந்தது.

துயர்நீக்கப் பணிக்கான பணம் முழுதும் கருவூலத்தின் வழியே சென்றாக வேண்டியிருந்தது. ஆதலால் அயர்லாந்தின் கஞ்சிக்கலயம் டிரெவெல்யனின் கையெழுத்துக்குக் காத்திருந்தது எனலாம். அவர் இரவும் பகலும் உழைத்தார். கணக்கில் ஒரு காசு தவறவில்லை. ஆயினும் சந்தையில் அரசு தலையிடலாகாது, இலவச உதவி மக்களைச் சோம்பேறிகளாக்கும், ஏழைகளைக் காக்கும் பொறுப்பு அந்நாட்டு நிலவுடைமையாளரைச் சார்ந்தது என்னும் கோட்பாடுகளை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அயர்லாந்தின் சமூகக் கேடுகளைத் திருத்த இறைவன் அனுப்பியதே இப்பஞ்சம் என்ற எண்ணமும் அவரிடம் இருந்தது. 1847-இல் அரசு கஞ்சித்தொட்டிகளைத் திறந்தபோது, ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 30 இலட்சம் பேர் வரை உணவு பெற்றனர். பசித்தவருக்கு நேராக உணவு கொடுக்க அரசால் இயலும் என்பதை அது மெய்ப்பித்தது. அவ்வாண்டே அம்முறை நிறுத்தப்பட்டது. பஞ்சம் தீர்ந்துவிட்டது என்ற பொருள்பட 1848-இல் டிரெவெல்யன் நூல் எழுதினார். அவ்வாண்டே சர் பட்டமும் பெற்றார். மக்களோ மேலும் சில ஆண்டுகள் மடிந்துகொண்டிருந்தனர்.

இக்கொடுமைக்கு டிரெவெல்யன் ஒருவரே பொறுப்பா என்பதில் வரலாற்றறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கொள்கை வகுத்தவர்கள் அமைச்சர்கள். ஒப்புதல் தந்தது நாடாளுமன்றம். அலுவலர் நிறைவேற்றினார் என்பர் ஒரு சாரார். அமைச்சரினும் உறுதியாக அக்கொள்கையைப் பற்றி நின்றவர் அவரே என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு என்பதே நம் கருத்து. தேர்தலில் மக்களைச் சந்திக்காத ஓர் அலுவலர், தம் அறிவின் மீதுள்ள நம்பிக்கையால் கொள்கையையே கையில் எடுத்துக்கொண்டால் என்னாகும் என்பதற்கு அயர்லாந்து சான்று. நடுநிலை என்பது தராசு முள்ளைப் போன்றது. முள் சாயாதிருத்தல் நன்று; தராசைப் பிடித்திருக்கும் கைக்கு உயிர் இருத்தல் அதனினும் நன்று. அயர்லாந்து மக்கள் இன்றும் பாடும் பாடலொன்றில் டிரெவெல்யனின் பெயர் வெறுப்போடு ஒலிக்கிறது.

1853-ஆம் ஆண்டின் அறிக்கை

அந்நாளில் இங்கிலாந்தின் அரசு அலுவலகங்களில் நியமனம் எவ்வாறு நடந்தது என்பதை நாம் அறிதல் வேண்டும். ஆளுங்கட்சிக்கு வாக்களித்தவரின் மகன், உறுப்பினர் ஒருவரின் மருமகன், பிறிதொரு தொழிலுக்குத் தகுதியற்றவர் எனப் பலர் பரிந்துரை வழியே இடம்பெற்றனர். பதவி என்பது அரசியல்வாதியின் கையிலிருந்த பரிசுப்பொருளாயிற்று. நுழைந்தபின் உழைத்தவருக்கும் உழையாதவருக்கும் வேறுபாடில்லை. மூப்பு ஒன்றே உயர்வு தந்தது.

நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் விருப்பப்படி, ஸ்டாஃபர்டு நார்த்கோட் என்பாரும் டிரெவெல்யனும் இணைந்து 1853-ஆம் ஆண்டு நவம்பரில் அறிக்கை ஒன்றை எழுதி முடித்தனர். மறு ஆண்டு அது நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. சில பக்கங்களே கொண்ட சிறு அறிக்கை அது. அதன் கருத்துகளை நான்காகத் தொகுக்கலாம்.

ஒன்று, பணிக்கு ஆள்தேர்வு எல்லார்க்கும் திறந்த எழுத்துத் தேர்வின் வாயிலாக நடைபெற வேண்டும். அதனை அமைச்சர்களின் பிடியில் இல்லாத குழு நடத்த வேண்டும். இரண்டு, சிந்தித்து முடிவுகாணும் பணியையும் படியெடுத்தல் போன்ற இயந்திரப் பாங்கான பணியையும் பிரித்தல் வேண்டும். மூன்று, பதவி உயர்வு தகுதியை நோக்கியே அமைதல் வேண்டும். நான்கு, சிதறிக் கிடக்கும் துறைகள் ஒரே பணியமைப்பாக இணைதல் வேண்டும்.

இவற்றின் அடியில் ஓர் உறவுமுறை புதைந்துள்ளது. அலுவலர் அமைச்சருக்குக் கீழ்ப்பட்டவர். ஆனால் அமைச்சரின் கையாள் அல்லர். அமைச்சருக்கு அறிவுரை கூறவும், வேண்டுமிடத்து அவர் எண்ணத்தை மாற்றவும் தக்க அறிவும் தற்சார்பும் அலுவலருக்கு வேண்டும். முடிவு அமைச்சருடையது. அம்முடிவுக்கு மக்கள் முன் விடைசொல்ல வேண்டியவரும் அமைச்சரே.

அறிக்கைக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அஞ்சல் துறை அலுவலராயிருந்த நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப், டிரெவெல்யனை நினைவூட்டும் கதைமாந்தர் ஒருவரைப் படைத்து எள்ளி நகையாடினார். ஆயினும் கிரிமியப் போரில் வெளிப்பட்ட ஆட்சிச் சீர்கேடுகள் மக்களின் மனத்தை மாற்றின. 1855-இல் தேர்வாணையம் அமைந்தது. 1870-இல் கிளாட்ஸ்டன் பிரதமராயிருந்தபோது திறந்த போட்டித் தேர்வு பெரும்பாலான துறைகளில் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் இம்மாற்றம் அதற்கு முன்பே நிகழ்ந்தது. 1853-ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் இயக்குநர்களின் பரிந்துரை உரிமையை நீக்கியது. அச்சட்டம் வந்தபோது இந்தியப் பொறுப்பை வகித்தவர் அதே சார்லஸ் வுட். மெக்காலே தலைமையிலான குழு 1854-இல் தேர்வுமுறையை வகுக்க, முதல் தேர்வு 1855-இல் இலண்டனில் நடந்தது. திறந்த தேர்வு எனினும் அதன் வாயில் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது. 1863-இல்தான் சத்தியேந்திரநாத் தாகூர் இந்தியருள் முதல்வராக அதில் வென்றார். இந்திய மண்ணிலும் அத்தேர்வை எழுதும் வாய்ப்பு 1922-இல்தான் வந்தது. முற்காலத்தில் ஒரு தந்தை தம் மகனை இலண்டனுக்கு அனுப்பித் தேர்வெழுத வைக்க இயலாது என்று எண்ணிய குடும்பங்களிலிருந்து இன்று நம் வகுப்பறைக்கு மாணவர் வருகின்றனர் என்பதை நினைத்தால், வாயிலின் தொலைவும் நீதியின் ஒரு கூறே என்பது விளங்கும்.

சென்னையில் ஆளுநர்

1859-இல் டிரெவெல்யன் சென்னை ஆளுநராக வந்து சேர்ந்தார். 1857-ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சி அடங்கிய காலம் அது. கிளர்ச்சியை ஒடுக்கச் செய்த செலவால் அரசின் கடன் பெருகியிருந்தது. சென்னை மாகாணமோ பெரும்பாலும் அமைதியாகவே இருந்தது. டிரெவெல்யன் செலவைச் சுருக்குவதில் முனைந்தார். நகர மக்களுக்கு நல்ல காற்றும் உலவ இடமும் வேண்டுமென்று மக்கள் பூங்காவுக்கு வழிகோலினார். அயர்லாந்துப் பசியின்போது கோட்பாட்டை மட்டும் கண்டவர், இங்கு மக்கள் வாழும் தெருக்களையும் கண்டார் என்றே தோன்றுகிறது.

நிதிநிலையைச் சீர்செய்ய இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட ஜேம்ஸ் வில்சன், 1860 பிப்ரவரியில் கல்கத்தாவில் தம் வரவு செலவுத் திட்டத்தை அளித்தார். வருமான வரி இந்தியாவில் முதன்முதலாக நுழைந்தது அப்போதுதான். தொழில் உரிம வரி, புகையிலை வரி ஆகியவற்றையும் அவர் முன்மொழிந்தார். டிரெவெல்யன் இவற்றைக் கடுமையாக எதிர்த்தார். படைச்செலவைக் குறைத்தாலே பற்றாக்குறை நீங்கும். பழக்கமில்லாத நேர்வரிகள் மக்களிடையே கொந்தளிப்பை உண்டாக்கும் என்பது அவர் வாதம். தம் கருத்தைக் குறிப்புரையாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்.

அதுவரை அவர் செய்தது கடமை. அறிவுரை கூறுதல் அவருடைய உரிமை மட்டுமன்று, பொறுப்பும் ஆகும். அரசனுக்கு உறுதி பயப்பனவற்றைத் தயங்காது எடுத்துரைக்கும் கடமையை வள்ளுவம் அமைச்சுக்கு விதிப்பதை நாம் அறிவோம். ஆனால் டிரெவெல்யன் அத்துடன் நிற்கவில்லை. தம் குறிப்புரையும் தம் மன்றத்தாரின் குறிப்புரைகளும் செய்தித்தாள்களில் வெளிவரச் செய்தார். மாகாண அரசே மைய அரசின் வரியை எதிர்க்கிறது என்னும் செய்தி நாடெங்கும் பரவியது.

கல்கத்தா சினந்தது. இலண்டனில் இந்தியாவுக்கான அமைச்சராக அப்போது இருந்தவர் யார்? பஞ்சகாலத்தில் டிரெவெல்யனோடு இணைந்து பணியாற்றிய அதே சார்லஸ் வுட். அவர் டிரெவெல்யனைத் திரும்ப அழைத்தார். அழைத்துக்கொண்டே, அவருடைய நேர்மையையும் உழைப்பையும் தற்சார்பையும் நாடாளுமன்றத்தில் மனமாரப் புகழ்ந்தார். இத்தகையவரை இழப்பது இந்தியாவுக்கு இழப்பே. ஆயினும் ஆட்சியின் கட்டுக்கோப்பையே குலைக்கும் செயலைச் செய்தபின் அவரைப் பதவியில் வைத்திருத்தல் இயலாது என்பது அவர் நிலை. நட்பு வேறு, முறை வேறு என்று பிரித்துணர்ந்த அமைச்சர் அவர். 1860 சூனில் டிரெவெல்யன் சென்னையை விட்டுச் சென்றார்.

அவ்வாண்டு ஆகத்து மாதம் விந்தையானது. டிரெவெல்யனுக்குப் பின் ஆளுநராக இலங்கையிலிருந்து வந்த சர் ஹென்றி வார்டு, வந்த சில வாரங்களிலேயே வாந்திபேதியால் சென்னையில் இறந்தார். வரி விதித்த வில்சனும் அதே மாதத்தில் கல்கத்தாவில் மறைந்தார்.

செய்தது சரியா?

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். டிரெவெல்யனுக்காகச் சொல்லக்கூடியவை சில உண்டு. அன்று இந்தியாவில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் இல்லை. வரி கொடுப்பவனுக்காகப் பேச ஓர் உறுப்பினரும் இல்லை. அந்நிலையில் பொதுமக்கள் முன் உண்மையை வைக்கச் செய்தித்தாளன்றி வேறு மேடை ஏது? தில்லியில் இருபத்திரண்டாம் அகவையில் செய்ததையே ஐம்பத்து மூன்றாம் அகவையில் மீண்டும் செய்தார் என்றும் கூறலாம்.

ஆனால் இரு நிகழ்ச்சிகளும் ஒன்றல்ல. தில்லியில் அவர் வெளிப்படுத்தியது குற்றம். சென்னையில் அவர் வெளிப்படுத்தியது கருத்து வேறுபாடு. குற்றத்தை மறைக்க எந்த அலுவலருக்கும் உரிமையில்லை. கையூட்டை மூடிமறைப்பது பணிவு ஆகாது. கருத்து வேறுபாட்டைத் தெருவுக்குக் கொண்டுவரும் அலுவலரோ, தம்மை அறியாமலே அரசியல்வாதியாகிவிடுகிறார். அதன்பின் எந்த அமைச்சரும் அவரை நம்பிக் கோப்பை அனுப்பார். வெளிப்படும் என்ற அச்சத்தில் உண்மையான அறிவுரையைக் கேட்பதையே அமைச்சர்கள் நிறுத்திவிடுவர். தம் சொல்லுக்குத் தலையாட்டுவோரையே அருகில் வைத்துக்கொள்வர். அலுவலரின் அடக்கம் உடைந்தால் அமைச்சரின் செவியும் மூடிக்கொள்ளும் என்பதே இதிலுள்ள தொடர்பு.

இவ்வுறவு இருபுறத்து வாக்குறுதியால் ஆனது. பதவியைப் பரிசாகவோ இடமாற்றத்தைத் தண்டனையாகவோ ஆக்கேன், கசந்தாலும் அறிவுரையைக் கேட்பேன், தவறு நேரின் அலுவலரை முன்னிறுத்தி நான் ஒளியேன் என்பது அமைச்சர் தரும் வாக்கு. உண்மையை எழுத்தில் சொல்வேன், சட்டத்துக்கு உட்பட்ட முடிவு என் கருத்துக்கு மாறாயினும் நிறைவேற்றுவேன், எக்கட்சி வரினும் ஒரே நேர்மையோடு உழைப்பேன் என்பது அலுவலர் தரும் வாக்கு. ஒருபுறம் முறிந்தால் மறுபுறமும் நில்லாது.

மீண்டும் வருகையும் இறுதிக்காலமும்

திரும்ப அழைக்கப்பட்டவரின் வாழ்வு அத்தோடு முடிந்துவிடவில்லை. 1863-இல் டிரெவெல்யன், தாம் எதிர்த்த அதே கல்கத்தா அரசின் நிதி உறுப்பினராக இந்தியாவுக்கு மீண்டும் வந்தார். அப்போதும் இந்தியாவுக்கான அமைச்சர் வுட்டே. ஒருமுறை வரம்பு கடந்தவரை என்றென்றும் ஒதுக்காமல், தண்டித்தபின் அவர் திறமையை மீண்டும் பயன்கொண்ட பெருந்தன்மையை இங்கு நாம் பாராட்டல் வேண்டும். வில்சனின் வருமான வரி ஐந்தாண்டுக் காலத்துக்கே விதிக்கப்பட்டிருந்தது. அக்காலம் 1865-இல் முடிந்தபோது, டிரெவெல்யனின் பொறுப்பில் இருந்த நிதித்துறை அதனைப் புதுப்பிக்கவில்லை. செய்தித்தாளால் சாதிக்க இயலாததை உரிய நாற்காலியில் அமர்ந்து, உரிய முறையில் அவர் செய்து முடித்தார்.

1865-இல் இங்கிலாந்து திரும்பியபின், படையில் அதிகாரி பதவிகளை விலைக்கு வாங்கும் வழக்கத்தை ஒழிக்க எழுதியும் பேசியும் வந்தார். 1871-இல் அவ்வழக்கம் நீங்கியது. 1874-இல் வழிமுறைப் பட்டம் பெற்றார். 1886-ஆம் ஆண்டு சூன் 19-ஆம் நாள் இலண்டனில் காலமானார். அவர் மகன் ஜார்ஜ் ஓட்டோ நாடாளுமன்ற உறுப்பினராகவும் எழுத்தாளராகவும் விளங்கினார். பேரன் ஜார்ஜ் மெக்காலே டிரெவெல்யன் புகழ்பெற்ற வரலாற்றாசிரியரானார். சென்னையில் விக்டோரியா பொதுமன்ற வளாகத்தில் அவர் நினைவாக நீரூற்று ஒன்று எழுப்பப்பட்டது.

நம் நாட்டில்

டிரெவெல்யன் விதைத்தது நம் மண்ணிலும் வேரூன்றியது. 1929-இல் சென்னை மாகாணம் தனக்கெனப் பணியாளர் தேர்வாணையம் அமைத்தது. மாகாணங்களுள் அதுவே முதலாவது. விடுதலைக்குப் பின், அந்நியர் வளர்த்த ஆட்சிப்பணி தேவையா என்ற வினா எழுந்தபோது, 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் வல்லபாய் படேல் அதற்காக உறுதியாக வாதிட்டார். அச்சமின்றித் தம் கருத்தைச் சொல்லும் அலுவலர் இல்லாவிடில் ஒன்றுபட்ட இந்தியா இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். தம்மைச் சிறைப்படுத்திய ஆட்சியில் பணியாற்றியவர்களுக்காக அவர் வாதாடினார் என்பது எண்ணத்தக்கது. முறையான விசாரணையின்றி அலுவலரைப் பணிநீக்கம் செய்யலாகாது என்று அரசியலமைப்பின் 311-ஆம் உறுப்பு காவல் தருகிறது.

அமைச்சரின் பொறுப்பு எத்தகையது என்பதற்கும் நம் வரலாற்றில் சான்றுண்டு. 1957-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்திரா என்பவரின் நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்டது. நாடாளுமன்றத்தில் பெரோஸ் காந்தி இதனை எழுப்பினார். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விரைவாக விசாரணை நடத்தினார். செயலர் செய்தது என்று கூறி அமைச்சர் விலகி நிற்க முடியாது என்பது அவர் கண்ட முடிவு. 1958-இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

முடிவுரை

டிரெவெல்யனின் வாழ்வில் மூன்று பாடங்கள் நமக்குக் கிடைக்கின்றன. தில்லி துணிவைக் கற்பிக்கிறது. அயர்லாந்து, இரக்கமற்ற நேர்மை எவ்வளவு பேரை அழிக்கும் என்று எச்சரிக்கிறது. சென்னை, நல்ல கருத்துக்கும் உரிய வழி வேண்டும் என்று உணர்த்துகிறது.

நம் துறை மாணவர் பலர் நூலகத்தில் நெடுநேரம் அமர்ந்து போட்டித் தேர்வுகளுக்குப் படிப்பதைக் காண்கிறோம். தேர்வு அவர்களை நாற்காலி வரை கொண்டுசேர்க்கும். அந்நாற்காலியில் அமர்ந்தபின், செய்யத்தகாத ஒன்றைச் செய்யுமாறு செல்வாக்குடையோர் கூறும் நாள் ஒன்று வரக்கூடும். அன்று குறிப்புத்தாளில் என்ன எழுதப்போகிறோம் என்பதே உண்மையான தேர்வு. அதற்கு வினாத்தாள் முன்கூட்டி வருவதில்லை. சட்டத்துக்கு மாறானதை மறுத்து எழுதவும், கருத்துக்கு மாறானதை எடுத்துரைத்தபின் முறைப்படி நிறைவேற்றவும், வாயிலில் நிற்கும் ஏழையின் முகத்தை ஒருபோதும் மறவாதிருக்கவும் இன்றே பயிலுதல் வேண்டும். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கிப் பார்க் டவுன் வழியே நடக்கும்போதெல்லாம், அங்கு மறைந்துபோன பூங்காவோடு அதனை அமைத்தவரின் நிறையையும் குறையையும் நம் மாணவர் எண்ணிப் பார்ப்பாராக.